கறுத்தால் இனிக்கும்! தென்காசிச் சாரல் பழங்களைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் உள்ளங்கை அகல டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கும் புளூபெர்ரியை ஆசையாக எடுத்து, விலைச்சீட்டைப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்தவரா நீங்கள்? கவலையை விடுங்கள். ஆனி மாதம் பிறந்ததும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறித் தென்காசியில் இறங்குங்கள்!

ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்குக் காற்று புகுந்து சாரல் தூவத் தொடங்கிவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு அது குற்றாலம் சீசன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஓடுவார்கள். அதே நாட்களில் மலையடிவாரக் கரட்டிலும் குளத்தங்கரையிலும் தோட்ட வேலியிலும் இன்னொரு சீசன் களைகட்டும். நவ்வாப்பழம் என்கிற நாவல், களாப்பழம், மணத்தக்காளி என்று எல்லாம் பச்சையில் தொடங்கி, நிறம் மாறி, கடைசியில் கன்னங்கரேலென்று கறுத்து நிற்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பிள்ளைகள் வாளியும் கையுமாகக் காட்டுப் புளூபெர்ரி பறிக்கப் போவதும் இதே கோடையை ஒட்டித்தான்!

அவர்கள் பழத்துக்கு உலகம் முழுக்க விளம்பரம். நம் பழங்களுக்கு? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

புளூபெர்ரி உண்மையில் நீலமே இல்லை, தெரியுமா?

ஒரு புளூபெர்ரியை விரலால் நசுக்கிப் பாருங்கள். நீலச் சாறு வராது, கருஞ்சிவப்பாகத்தான் வரும்! அப்படியானால் தோலில் தெரியும் நீலம் எங்கிருந்து வந்தது? பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறதல்லவா, அதன் நுண்துகள்கள் நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் மட்டும் சிதறடித்து நம் கண்ணை ஏமாற்றுகின்றன. இதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கமாக வெளியிட்டதே 2024-இல்தான். மெழுகைத் துடைத்துவிட்டால் உள்ளே இருப்பது கருஞ்சாயம். அந்தச் சாயத்தின் பெயர் ஆந்தோசயனின்.

நாக்கில் ஒட்டும் அதே சாயம் நாவலிலும்!

நவ்வாப்பழம் தின்றுவிட்டு, திங்கவே இல்லை என்று அம்மாவிடம் சாதிக்க முடியுமா? நாக்கை நீட்டச் சொன்னால் கதை முடிந்தது. நாக்கை ஊதாவாக்கும் அந்தக் குற்றவாளியும் ஆந்தோசயனின்தான்! டெல்ஃபினிடின், பெட்யூனிடின், மால்விடின் என்று அதில் பல வகைகள். இந்த மூன்றும் நாவலிலும் உண்டு, புளூபெர்ரியிலும் உண்டு. இரண்டும் செடியினத்தில் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. நாவல் கொய்யாவின் குடும்பம், புளூபெர்ரியோ வேறு குடும்பம். ஆனாலும் சாயம் ஒன்று!

வீட்டிலேயே ஒரு மாயாஜாலம் செய்து பாருங்கள். நாவல் சாற்றை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் புளியங்குடிச் சந்தையிலிருந்து வந்த எலுமிச்சையைப் பிழியுங்கள், பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நிறம் நீலப் பக்கம் ஓடும். புளிப்பையும் காரத்தையும் நிறத்தாலேயே சொல்லிவிடும் ஆய்வுக்கூடம், உங்கள் சமையலறையில்!

புளூபெர்ரியின் பங்காளி நம் மலையிலேயே இருக்கிறான்!

புளூபெர்ரி, கிரான்பெர்ரி எல்லாம் வாக்சினியம் என்ற ஒரே பேரினம். அந்தப் பேரினத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாரிசுகள் உண்டு என்றால் நம்புவீர்களா? உயரமான சோலைக்காடுகளில் வாக்சினியம் லெஷனோல்டியை, வாக்சினியம் நீல்கெர்ரென்ஸ் என்று இரண்டு இனங்கள் வளர்கின்றன. மணி மணியான வெள்ளை, இளஞ்சிவப்புப் பூக்கள், சின்னஞ்சிறு பழங்கள். இரண்டாவதன் பெயரில் நீலகிரியே இருக்கிறது. முதலாவதன் பெயரில் இருப்பவர் லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் இருந்தபடி தென்னாட்டுச் செடிகளைத் தேடித் திரிந்தவர், 1819-இல் நீலகிரி ஏறியவர். வட அமெரிக்காவில் பெரும்பாலும் புதராக நிற்கும் பேரினம், நம் சோலையில் மரமாகவே வளர்ந்து நிற்கும்!

குற்றாலத்துச் செடிகள் நூலேறிய கதை தெரியுமா?

அருவியில் குளிக்க வந்தவர்கள் பல கோடி. செடி பார்க்கவே வந்தவர் ஒருவர் உண்டு! கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1830-களில் குற்றால மலையில் செடி செடியாகச் சேகரித்து, குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். பிறகு 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூல் வரிசையில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள்! அவருக்காகத் தூரிகை பிடித்தவர்கள் யார்? ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் கைத்திறனில் சொக்கிப்போன வைட், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்றே பெயர் வைத்துவிட்டார். கம்பெனிக் காலத்தில் ஒரு நாட்டு ஓவியருக்கு அப்படி ஒரு மரியாதை!

'குற்றாலம்' என்ற பெயரைச் சுமக்கும் நாவல்!

நாவலின் பேரினத்துக்குத் தாவரவியலில் சிசிஜியம் என்று பெயர். அதில் ஒன்றின் முழுப்பெயரைக் கேளுங்கள்: சிசிஜியம் குர்டாலன்ஸ். ஆமாம், நம் குற்றாலமேதான்! இந்த மலைகளுக்கே உரிய அரிய மரம். அழியும் ஆபத்தில் இருக்கும் தாவரங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஆயிரமாயிரம் பேர் நடந்து போகும் ஊரின் பெயரைத் தாங்கிய மரம், அந்த ஊருக்கு மேலேயே யாரும் அறியாமல் நிற்கிறது.

இன்னொரு அதிசயம்: பிரியாணியில் போடும் கிராம்பும் சிசிஜியம்தான்! நாவலுக்குக் கூடப்பிறந்த மாதிரி. நாவலில் பழத்தைத் தின்கிறோம். கிராம்பில் பூ மலரும் முன்பே மொட்டைப் பறித்து உலர்த்திவிடுகிறோம். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டைத் தோட்டங்கள் போட்டுப் பார்த்தார்கள். தெற்கே இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

ஒரு கொட்டை, பல கன்று!

நாவல் கொட்டையை ஊன்றிப் பாருங்கள். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று கன்றுகள் தலை நீட்டும்! விதைக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் ஒளிந்திருப்பதுதான் ரகசியம். அவற்றில் சில தாய்மரத்தின் அச்சு அசல் நகல். இதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நடுகிற தோட்டக்காரர் யார் தெரியுமா? இரவில் பறக்கும் பழந்தின்னி வௌவால்! பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய்த் தொங்கி, சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடும். கூலி கேட்காத வேலையாள்.

சுட்ட பழத்துக்குள் இருக்கும் அறிவியல்

முருகன் மரத்தின் மேல், ஔவை கீழே. சுட்ட பழமா, சுடாத பழமா என்ற அந்தக் கதை தெரியாத தமிழர் உண்டா? மண் ஒட்டிய பழத்தை ஔவை ஊதினாள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் பாருங்கள், உண்மையிலேயே தானாக விழும் பழம்தான் நன்றாகக் கனிந்தது! நாவல், பறித்த பிறகு பழுக்கும் சாதி இல்லை. வாழையைப் போலக் காயாக வெட்டிப் பழுக்க வைக்க முடியாது. மரத்திலேயே முழுக்கக் கறுத்தாக வேண்டும். நன்றாகக் கனிந்ததும் தோல் மெலிந்து, விழுந்த வேகத்தில் மண் ஒட்டிக்கொள்ளும். ஊதித்தான் தின்ன வேண்டும்!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மரத்தடியில் சாக்கையோ தார்ப்பாயையோ விரித்துவிட்டுக் கிளையை உலுக்குவார்கள். மரமேறுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. நாவல் கிளை பார்க்கத் தடிமனாக இருக்கும், மடாரென்று முறிந்துவிடும். நாவல் மரத்தில் ஏறாதே என்று பெரியவர்கள் அதட்டியது சும்மா இல்லை. உலுக்கி எடுத்ததையும் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். வெளியில் வைத்தால் இரண்டு நாள் தாங்குவதே அபூர்வம். கடல் கடந்து டப்பாவில் போக முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பழத்தை வண்டு என்று நினைத்த வண்டும், வண்டைப் பழம் என்று நினைத்த நண்டும்!

நற்றிணையின் 35-ஆம் பாட்டில் அம்மூவனார் ஒரு நகைச்சுவைக் காட்சி வைத்திருக்கிறார். கடற்கரை மணலில் கருநாவல் பழம் விழுந்து கிடக்கிறது. கறுப்பாக இருப்பதால் தன் இனம்தான் என்று வண்டுகள் வந்து மொய்க்கின்றன. அங்கே வந்த நண்டோ, வண்டைப் பழம் என்று நினைத்துக் கால்களால் கவ்விக்கொள்கிறது! மாட்டிக்கொண்ட வண்டு முரலுகிறது; அந்த ஒலி யாழோசை போல் கேட்கிறது. இரை தேடி ஒரு நாரை வர, பயந்துபோன நண்டு வண்டை விட்டுவிட்டு ஓடுகிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பழத்தை வைத்து இத்தனை பாத்திரங்களோடு ஒரு கார்ட்டூன் படம்!

டெல்லியின் ராஜபாட்டையில் நம் நாவல்

புதுடெல்லியை ஆங்கிலேயர் கட்டியபோது பெரிய சாலைகளின் ஓரங்களில் வரிசை வரிசையாக நட்ட மரங்களில் நாவலும் ஒன்று. இன்றும் மழைக்காலம் தொடங்கினால் அங்கே மரத்துக்கு மரம் துணி பிடித்துப் பழம் சேகரிப்பார்கள். கடல் கடந்தும் போயிருக்கிறது நம் நாவல். பிரேசிலில் அதற்கு ஜமெலாவோ என்று பெயர்; தெருவெல்லாம் ஊதா நிறமாக்கி விடுகிறது என்று அங்கும் புகார்! அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசையாகக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே அது கட்டுக்கடங்காமல் பரவும் மரம்.

நாவல் கொட்டைப் பொடி தின்றால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்கிறார்களே? பொறுங்கள்! பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் நாவல் இலைத் தேநீரை நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. கொட்டை வேறு, இலை வேறு என்பது சரிதான். ஆனாலும் பழத்தைப் பழமாகத் தின்னுங்கள்; மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

கேக்கின் மேல் இருக்கும் செர்ரி, செர்ரியா?

இப்போது களாவுக்கு வருவோம். தென்காசிப் பக்கத்துக் கரடுகளில் முள்ளும் மல்லிகை போன்ற வெள்ளைப் பூவுமாகப் படர்ந்து நிற்குமே, அதுதான். சிறுகளா, பெருங்களா என்று இரண்டு உண்டு. காயாக இருக்கும்போது நாக்கைச் சுருட்டும் புளிப்பு, ஊறுகாய்க்கு உயிர். கறுத்துப் பழுத்தால் புளிப்பும் இனிப்பும் கலந்து, பார்வைக்கு அப்படியே புளூபெர்ரி!

பேக்கரியில் கேக் மீதும் பன்னுக்குள்ளும் சிவப்பாக, பாகில் ஊறிய 'செர்ரி' ஒன்று இருக்குமல்லவா? பெரும்பாலும் அது செர்ரியே கிடையாது. கொட்டையெடுத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்! பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் நாம் ஆசையாகத் தின்ற வெளிநாட்டுப் பழம், நம் வேலிப் பழம்தான்.

அதைவிட அதிர்ச்சி இது: களாவும் அரளியும் ஒரே குடும்பம்! ஒன்று உயிரைக் கொல்லும் நஞ்சு, மற்றது பிள்ளைகளின் தின்பண்டம். குடும்ப ஒற்றுமைக்கு அடையாளமாக இரண்டையும் கிள்ளினால் பால் வடியும். பாதி பழுத்த களாவைக் கடித்தால் அந்தப் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே பறிக்கிறவர்களுக்கு ஒரே விதி: முழுக்கக் கறுத்ததை மட்டும் தொடு. முள்ளுக்கும் ஒரு விதி உண்டு. ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும் முள் அது. கையை உள்ளே விட்டால் போகும்போது ஒன்று கீறும், வரும்போது இன்னொன்று. கவட்டைக் குச்சியால் கொப்பைத் தூக்கிப் பிடித்து, அடியில் தொங்குவதைப் பறிக்க வேண்டும்.

ஆய் மன்னனும் களாப்பழ யாழும்

பொதிகை மலையை ஆண்ட வள்ளல் ஆய் அண்டிரனைத் தெரியுமல்லவா? கடையெழு வள்ளல்களில் ஒருவன். தென்காசிக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது ஆய்க்குடி; அவன் ஊர் அதுவே என்பார்கள். அவனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், புறநானூற்றின் 127-ஆம் பாட்டில் பாணர்களின் சிறிய யாழை வருணிக்கும்போது, அதன் கரிய தண்டுக்கு எதை உவமை சொல்கிறார் தெரியுமா? களாப்பழத்தை! பாணர்கள் பாடிப் பாடி யானைகளைப் பரிசாக வாங்கிப் போனதில் ஆயின் யானைக் கூடமே காலியாகிவிட்டதாம். பளபளக்கும் கறுப்பு என்றதும் புலவருக்கு நினைவு வந்தது, இந்த மலையடிவாரத்துப் புதர்ப்பழம்!

அமெரிக்காவையே கலக்கிய மணத்தக்காளி!

கொல்லைப்புறத்தில் யாரும் நடாமல் முளைக்கும் மணத்தக்காளி. மிளகுபோல் கறுத்த பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். காயை மோரில் ஊறவைத்து வத்தல் போட்டால் வத்தக்குழம்பு. இதை வைத்து அமெரிக்காவில் ஒரு புயல் கிளம்பியது தெரியுமா? லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற செடி வளர்ப்பு நிபுணர், மணத்தக்காளிக்கு நெருங்கிய சொந்தமான ஒரு செடியை உருவாக்கியிருப்பதாகச் சொல்ல, 1909-இல் 'வொண்டர்பெர்ரி', அதாவது அதிசயப் பழம் என்ற பெயரில் விதை விற்பனைக்கு வந்தது. புளூபெர்ரி போலவே பணியாரம் சுடலாம் என்று விளம்பரம்! அது வெறும் மணத்தக்காளிதான், நஞ்சு என்று எதிர்ப்பாளர்கள் கொதிக்க, பத்திரிகைகளில் பெரும் சண்டை. வெள்ளைக்காரர்கள் பயந்தது முழுப்பொய்யும் அல்ல. பச்சைக் காயில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் உண்டு. பச்சையாகக் காயைத் தின்னாமல், கறுத்த பழத்தை மட்டும் தின்பது நம் வீட்டுப் பழக்கம்.

பூவைப் பிடித்து உலுக்கும் வண்டு!

புளூபெர்ரிக்கும் மணத்தக்காளிக்கும் காயா மரத்துக்கும் ஓர் ஒற்றுமை. மூன்றின் பூவிலும் மகரந்தம் மூடிய பைக்குள், சின்னஞ்சிறு துளைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. எப்படி வெளியே வரும்? தச்சுவண்டு போன்ற சில வண்டுகள் பூவை இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே உடம்பை 'ர்ர்ர்' என்று அதிர வைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தேனீயால் இது முடியாது! வண்டின் ரீங்காரமே சாவி.

அந்தக் காயா மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொம்பெல்லாம் கொத்துக் கொத்தாக நீலம் பூத்து நிற்கும். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் காட்டியது இந்தக் காயாம்பூவை. பழம் சிவந்து பின் கறுக்கும், தின்னலாம். இலையிலோ அலுமினியம் சேர்ந்திருக்கிறது! துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும் அல்லவா? அந்த வேலையைக் காயா இலையை வைத்தே முடித்துக்கொண்டார்கள் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள். சாயவேரோடு சேர்த்து அவர்கள் ஏற்றிய சிவப்புத் துணிகள் ஐரோப்பா வரை போய் விற்றன.

களைப்பே தெரியாத காணிக்காரர்களின் பழம்!

இந்தத் தொகுப்பில் மயிர்க்கூச்செறியும் கதை இதுதான். குற்றாலத்துக்குத் தெற்கே அதே மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியமலை. 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் அந்தக் காட்டுக்குள் ஏறினார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது; வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினரோ சலிக்காமல் நடக்கிறார்கள். என்ன ரகசியம் என்று கவனித்தால், இடையிடையே எதையோ வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சின்னச் சின்னக் கறுப்புப் பழங்கள்! விஞ்ஞானிகளும் வாங்கித் தின்றார்கள், களைப்பு பறந்தது.

செடியைக் காட்ட முதலில் தயங்கிய காணிகள் பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். அதிலும், தொடர்ந்து வரும் பங்குத்தொகையிலும் சரிபாதி காணி மக்களுக்கு! காட்டின் அறிவைக் கொடுத்தவர்களுக்கே லாபத்தில் பங்கு என்ற எண்ணத்துக்கு உலகமே அன்று எடுத்துக்காட்டாகச் சொன்னது, ஒரு கறுப்புப் பழத்தின் இந்தக் கதையைத்தான்.

உங்களுக்கு முன்னே பறிக்க வருபவர் யார்?

கரடி! களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-இல் உருவானது. அதை ஒட்டிய கடையம், ஆழ்வார்குறிச்சி மலையடிவாரங்களில் கரடி இறங்கி வந்த செய்தி அடிக்கடி வரும். அதற்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்த ஓட்டை வழியாகத்தான் கரையான்களை உறிஞ்சித் தின்னும். பழக்காலம் வந்தாலோ நாவல், களா, ஈச்சை, கொன்றைக்காய் என்று பெரிய விருந்து. தின்ற விதைகள் எச்சத்தோடு காடெங்கும் விழுந்து முளைக்கும். அதனால் புதரடியில் கறுத்த பழத்தைப் பார்த்ததும் பாயாதீர்கள். அது ஒருவருடைய காலை உணவாக இருக்கலாம்!

குரங்கு சிந்திய பழத்துக்குத் தேவர்கள் க்யூவில்!

18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் குறத்தி என்ன சொல்கிறாள்? ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பழம் ஊட்டிக் கொஞ்சுமாம். சிந்திய பழத்துக்கு வானவர்களே வந்து கெஞ்சுவார்களாம்! இந்த ஊரின் கோயில் மரமும் பழமரமே: குறும்பலா. அந்த ஒரு மரத்துக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப் பதிகம் பாடியிருக்கிறார். குரங்கின் கன்னத்தில் பை இருக்கிறது. பழத்தை அதில் அடக்கிக்கொண்டு தூரம் போய்த் தின்று, கொட்டையைத் துப்பும். காடு நட்ட கணக்கில் குரங்குக்கும் பங்கு உண்டு. நாம் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி அதை ரோட்டோரப் பிச்சைக்காரன் ஆக்கிவிடக் கூடாது.

திறக்காமலே சுளையை எண்ணலாம்!

குற்றாலத்தில் ஓர் அருவிக்கே பழத்தோட்ட அருவி என்று பெயர். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைக்குள் விழுகிறது. சீசன் கடைகளில் குவியும் மங்குஸ்தானை அடுத்த முறை வாங்கும்போது திருப்பி, அடிப்பக்கம் பாருங்கள். பூ மாதிரி சின்ன இதழ்கள் இருக்கும். ஐந்து இதழ் என்றால் உள்ளே ஐந்து சுளை. ஏழு என்றால் ஏழு! கடைக்காரரிடம் பந்தயம் கட்டலாம். இதழ் கூடக் கூடச் சுளை சிறுத்துவிடும். கொட்டையும் குறைவாக இருக்கும். இன்னொன்று: மங்குஸ்தான் விதை உண்டாக ஆண் மகரந்தமே தேவையில்லை. எல்லாக் கன்றும் தாயின் நகல்!

வேலிப் பூ லண்டனில் யானையான கதை

மழை பெய்தால் எங்கும் புதராக மண்டும் உண்ணிச்செடியின் கறுத்த பழத்தையும் பிள்ளைகள் தின்பதுண்டு. பச்சைக் காய் நஞ்சு. இது நம் செடியே இல்லை. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்தது. இப்போது களாவும் காயாவும் நிற்க வேண்டிய இடங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டி எறிந்தால் மட்டும் போதுமா என்று யோசித்த நீலகிரிப் பழங்குடிக் கைவினைஞர்கள், அந்தக் குச்சிகளை வளைத்து உயிரளவு யானைகளைச் செய்தார்கள். 2021-இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் அணிவகுத்து நின்றது!

புளூபெர்ரியும் நேற்றுவரை காட்டுப்பழம்தான், தெரியுமா?

கடைசியாக ஒன்று. புளூபெர்ரி ஏதோ காலங்காலமாகத் தோட்டத்தில் விளைந்தது என்று நினைக்காதீர்கள். 1910 வரை அதைப் பயிரிட முடியும் என்றே யாரும் நம்பவில்லை. ஃபிரெடரிக் கோவில் என்ற அமெரிக்க அரசு விஞ்ஞானி, புளூபெர்ரிக்கு அமில மண்தான் வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதைப் படித்த நியூஜெர்சி விவசாயி எலிசபெத் ஒயிட் அவரோடு சேர்ந்தார். அந்தப் பெண்மணி செய்தது என்ன? காட்டில் பழம் பறிக்கும் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, துளையிட்ட அளவுப்பலகையைக் கையில் கொடுத்து, இந்தத் துளைக்குள் விழாத பெரிய பழம் எந்தப் புதரில் இருக்கிறதோ அதைக் காட்டுங்கள், பணம் தருகிறேன் என்றார். கண்டுபிடித்தவரின் பெயரையே புதருக்கு வைத்தார். 1916-இல் முதல் அறுவடை சந்தைக்குப் போனது. காட்டுப் பறிப்பவர்களின் கண்ணும் ஒரு விஞ்ஞானியின் பொறுமையும் சேர்ந்து, ஒரு புதர்ப்பழத்தை உலக வியாபாரமாக்கிவிட்டன!

நம் களாவுக்கும் இந்த யோகம் தொடங்கியிருக்கிறது. உத்தராகண்டின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. தென்காசிக் கரட்டில் எந்தப் புதரின் பழம் பெரிது, எது தேனாக இனிக்கும் என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களைக் கேட்டு, அளந்து, பெயர் வைக்க ஓர் எலிசபெத் ஒயிட் வரவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது எளிது. காப்புக்காட்டுக்குள் நுழைந்து பறிக்காதீர்கள். அங்கே சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமை, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பளியர், காணி போன்ற காட்டு மக்களுக்கு உரியது. பெயர் தெரியாத கறுப்புப் பழம் எதையும் வாயில் வைக்காதீர்கள். அருவிக் குளியல் முடிந்து திரும்பும் வழியில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் நவ்வாப்பழமோ களாப்பழமோ பேரம் பேசாமல் வாங்குங்கள். தின்ற கொட்டையைக் குப்பையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், வேலியோரம் ஒரு களாவும் தெருமுனையில் ஒரு நாவலும் ஊன்றுங்கள். களா ஆடு மாடு அண்டாத உயிர்வேலி. சில ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். இந்த ஆனியிலேயே ஊன்றிவிடுங்கள்!